தபாலில் வந்த டிரம்ஸ்

1920-களில் அமெரிக்காவில் பத்திரிகை வாங்கிய யார் கண்ணிலும் படாமல் போயிருக்க முடியாத விளம்பரம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் 1898-இல் தொடங்கிய யூ.எஸ். ஸ்கூல் ஆஃப் மியூசிக் என்ற அஞ்சல்வழி இசைப் பள்ளியின் விளம்பரம் அது. விருந்துக்கு வந்த ஒருவன் பியானோ முன்னால் உட்காருகிறான். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். வாசிக்க ஆரம்பித்ததும் வாயடைத்துப் போகிறார்கள். யாரிடம் கற்றாய் என்று கேட்டால், வாத்தியாரே கிடையாது, எல்லாம் வீட்டிலிருந்தபடி தபாலில் கற்றது என்கிறான். ஜான் கேப்பிள்ஸ் எழுதிய அந்த வாசகம் விளம்பரத் தொழில் படிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் பாடம். எனக்குப் பிடித்தது அந்தப் பள்ளியின் விளம்பரங்களுக்கு அடியில் இருக்கும் கூப்பன். எந்த வாத்தியம் வேண்டுமோ அதைக் குறித்து, கத்தரித்து அனுப்ப வேண்டும். பியானோ, வயலின், மாண்டலின், பாஞ்சோ என்று போகும் அந்தப் பட்டியலில் டிரம்ஸும் இருக்கும்.

“மாஸ்டர், டிரம்ஸையெல்லாம் ஆன்லைன்ல கத்துக்க முடியுமா?” என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. கொரோனாவில் வேறு வழியில்லாமல் முளைத்த ஏற்பாடு என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். நான் பாளையங்கோட்டைக்காரன். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் ஸ்டிக் பிடித்து, மெல்லிசைக் கச்சேரிகளில் பிழைத்து, இப்போது வாரத்தில் பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன். தொழில் என்பதால் இதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். பாடம் வீட்டைத் தேடி வர ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தாளில் வந்தது, இசைத்தட்டில் வந்தது, கேசட்டில் வந்தது, இப்போது இணையத்தில் வருகிறது. ஆனால் “தம்பி, இடது கை பிந்துது” என்று சொல்லும் ஒரு காது, பாடத்தோடு சேர்ந்து ஒருநாளும் வந்ததில்லை. அந்தக் காதை ஒவ்வொரு தலைமுறையும் எங்கே போய்ப் பிடித்தது என்று பார்த்தால் டிரம்ஸ் கற்ற கதை முழுக்க அதிலேயே இருக்கிறது.

பட்டாளத்துப் பாடம்

முரசு அடிப்பதைத் தாளில் எழுத வேண்டிய கட்டாயம் முதலில் பட்டாளத்துக்குத்தான் வந்தது. எழுந்திரு, அணிவகு, முன்னேறு, பின்வாங்கு என்ற கட்டளையெல்லாம் முரசில் போன காலம். ஒரு படைப்பிரிவில் ஒரு மாதிரியும் அடுத்த படைப்பிரிவில் வேறு மாதிரியும் அடித்தால் உயிர் போகும். அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படைக்குப் பயிற்சி கொடுத்த பிரஷ்ய அதிகாரி ஸ்டாய்பன் 1779-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப் புத்தகத்தில் முரசுக் கட்டளைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. 1812-இல் மரைன் இசைக்குழுத் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் ஆஷ்வொர்த், அடிப்படை அடிகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒரு புத்தகம் போட்டார். இன்று உலகம் முழுக்க டிரம்ஸ்காரர்கள் ரூடிமென்ட் என்று சொல்லும் சங்கதி இந்த வழியில் வந்ததுதான். எந்தக் கை, எத்தனை அடி, எதில் அழுத்தம் என்ற சின்னச் சின்னக் கட்டுகள். இவற்றைக் கோத்துத்தான் எல்லா வாசிப்பும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-இல் ஜார்ஜ் புரூஸும் டேன் எம்மெட்டும் சேர்ந்து ஒரு கையேடு வெளியிட்டார்கள். தென்மாநிலங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ‘டிக்ஸி’ பாட்டை எழுதியவராகச் சொல்லப்படும் அதே எம்மெட். கையேட்டின் தலைப்பிலேயே தானே கற்க உதவுவது என்ற பொருள் வரும்படி போட்டிருந்தார்கள். ஆக, வாத்தியார் வேண்டாம் என்ற வாக்குறுதி இந்தத் தொழிலில் அவ்வளவு பழசு. 1869-இல் கார்டினர் ஸ்ட்ரூப் 25 ரூடிமென்ட்களைத் தொகுத்துப் போட்ட புத்தகத்தை ராணுவமே ஏற்றுக்கொண்டது.

தாள் எதைக் கொண்டுசேர்த்தது, எதை வழியில் தவறவிட்டது என்பது அடுத்த நூற்றாண்டில்தான் தெரிந்தது. சான்ஃபோர்ட் மோல்லர் என்ற டிரம்ஸ்காரர், உள்நாட்டுப் போரில் முரசடித்துவிட்டு வயோதிகர்களாகியிருந்த வீரர்களைத் தேடிப் போனார். புத்தகத்தில் இருந்ததைத்தான் அவர்களும் அடித்தார்கள். ஆனால் கை போகிற போக்கு புத்தகத்தில் இல்லை. முழங்கை முதலில் எழும்பும், மணிக்கட்டு அதன் பின்னால் தொங்கிக்கொண்டே வரும், ஸ்டிக் கடைசியில் சாட்டைபோலச் சொடுக்கும். ஒரு வீச்சில் இரண்டு மூன்று அடி விழும், கை களைக்காது. நாள் முழுக்க நடந்துகொண்டே அடிக்க வேண்டியிருந்தவர்களின் வித்தை. மோல்லர் 1925-இல் இதைப் புத்தகமாக எழுதினார். ஆனாலும் பிற்பாடு பெயர் வாங்கிய ஜீன் க்ரூபாவும் ஜிம் சேப்பினும் அவரிடமே நேரில் போய்த்தான் கற்றார்கள். எழுதிவைத்த மனிதர் உயிரோடு பக்கத்தில் இருக்கும்போது புத்தகத்தை மட்டும் நம்புவானேன்?

பெடல், பேசும் படம், ரப்பர்

பட்டாளத்தில் கழுத்தில் தொங்கியது ஒற்றை முரசு. நாம் இன்று டிரம்ஸ் என்று சொல்லும், காலும் கையும் சேர்ந்து வாசிக்கும் செட்டு, காசைச் சிக்கனம் பிடிக்க வந்த சாதனம். கிக், ஸ்னேர், சிம்பல் என்று ஆளுக்கொன்றாக மூன்று பேர் அடித்ததை நாடகக் கொட்டகை முதலாளிகள் ஒரே ஆளின் தலையில் கட்டினார்கள். அதை வசதியாக்கியது பெடல். சிகாகோவில் வில்லியம் லுட்விக்கும் தம்பி தியோபால்டும் 1909-இல் சட்டென்று திரும்பிவரும் கால்பெடல் ஒன்றைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ராக்டைம் வேகத்துக்குப் பழைய பெடல்கள் ஈடுகொடுக்காததால் வந்த யோசனை. அங்கிருந்துதான் லுட்விக் கம்பெனி வளர்ந்தது.

மௌனப் பட காலத்தில் டிரம்ஸ்காரனுக்கு நல்ல பிழைப்பு. திரையில் குதிரை ஓடினால் குளம்புச் சத்தம், கதவு சாத்தினால் ஒரு தட்டு, துப்பாக்கி வெடித்தால் ஒரு அடி, எல்லாம் அவன் பொறுப்பு. 1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்து படம் பேச ஆரம்பித்ததும் கொட்டகை வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தொடர்ந்து வந்தது பெருமந்தம். டிரம்ஸ் செய்து விற்ற கம்பெனிகளுக்கு இனி பள்ளிக்கூட பேண்டும் வீட்டுப் பிள்ளைகளும்தான் கதி என்றானது. பாடத்தை ஒழுங்குபடுத்தும் அவசரம் அப்போதுதான் வந்தது. 1933-இல் சிகாகோவில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்த சமயம், டிரம்ஸ் ஆசான்கள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். சுருக்கமாக நார்ட் என்பார்கள். இருக்கிற அத்தனை ரூடிமென்ட்களிலும் கட்டாயமாகத் தெரிந்திருக்க வேண்டியவை 13 என்று முடிவு செய்தார்கள். பிறகு இன்னொரு 13 சேர்ந்தது.

இந்தச் சங்கத்தின் ஒரு விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். பட்டியல் அச்சில் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்து சாதகம் பண்ணலாம். உறுப்பினராக வேண்டுமானால் மட்டும், ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் முன்னால் அந்தப் பதின்மூன்றையும் அடித்துக் காட்ட வேண்டும். அடிக்கும் முறையும் வரையறுக்கப்பட்டிருந்தது: ரொம்ப மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகமேற்றி, உச்சத்துக்குப் போய், அதே சீரில் இறங்கி மெதுவாக முடிக்க வேண்டும். ஏறும்போது ஏமாற்றிவிடலாம். இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வேகம் குறைகிற இடத்தில் இரண்டு கையும் சமமில்லையென்றால் நொண்டுவது யார் காதுக்கும் கேட்டுவிடும். படிப்பு வீட்டில், பரீட்சை ஆள் முன்னால் என்ற ஏற்பாட்டை 90 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவர் பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன். அவர் 1935-இல் வெளியிட்ட ‘ஸ்டிக் கன்ட்ரோல்’ உலகத்திலேயே அதிகம் புழங்கும் டிரம்ஸ் புத்தகங்களில் ஒன்று. நான் கற்றபோது என் கைக்கு வந்தது அதன் ஜெராக்ஸ், அதுவும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அட்டை கிடையாது. எழுதியவர் யார் என்று தெரியாமலேயே அந்தப் பக்கங்களில் வளர்ந்தேன். எங்கள் வட்டாரத்தில் அதற்கு “ஆர் எல் புக்” என்று பெயர். முதல் பக்கத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். வலது, இடது, வலது, இடது. அடுத்த வரி, இடது முதலில். மூன்றாவது, வலது இரண்டு, இடது இரண்டு. ஐந்தாவது வரியில் பாரடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. ராகம் இல்லை, பாட்டு இல்லை, ஒவ்வொரு வரியையும் நிறுத்தாமல் 20 தடவை அடிக்கச் சொல்லுகிறது.

எட்டாவது, ஒன்பதாவது தடவையில்தான் விஷயம் ஆரம்பிக்கும். வலது கை இரண்டாவது அடியை எம்பவிட்டு வாங்கும். இடது கை அதே அடியை அமுக்கிப் பிடித்துவிடும். சத்தம் ‘டக் டக்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘டக் டப்’ என்று வரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற இடத்தில் பிடி கொஞ்சம் தளர்ந்தால் சரியாகும். இறுக்கினால் மோசமாகும். பிள்ளைகள் எல்லோரும் முதலில் இறுக்குவார்கள். அந்தப் பக்கத்தில் எந்த வரியிலும் இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்காது. எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி, கோயில் வராந்தாவில் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, “மாவு பிசையிதியாலே?” என்பார். அதோடு பிடி தளர்ந்துவிடும்.

வாசிக்கிற இடம் வராந்தாவாக இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. டிரம்ஸை வீட்டில் வைத்து அடிக்க எந்த ஊரிலும் அக்கம்பக்கம் விட்டதில்லை. ஆகவே பாடம் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் சத்தம் வெளியே நிற்க வேண்டும். பலகையில் ஒட்டிய ரப்பர் துண்டுதான் இந்தத் தொழிலின் உண்மையான வீட்டு வாத்தியம். அமெரிக்காவில் அதைக் கடையில் வாங்கினார்கள். எங்கள் பக்கத்தில் லாரி டியூபை வெட்டிப் பலகையில் ஆணியடித்தோம். ரப்பருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஸ்டிக்கைத் தானே எம்பவைக்கும். தோலிலோ பிளாஸ்டிக்கிலோ உழைத்து வாங்க வேண்டிய அடியை ரப்பர் இனாமாகக் கொடுக்கும். வீட்டில் பட்டாசாக அடிக்கும் பையன் மேடையில் டாம் டிரம்மில் கை வைத்ததும் திணறுவது இதனால்தான்.

புத்தகத்துக்கும் ஆளுக்கும் நடுவே

ஸ்டோனின் புத்தகம் வீட்டிலிருந்தபடி என்னதான் செய்யும், நேரில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஜோ மோரெல்லோவைவிட நல்ல சாட்சி இல்லை. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்தவர், கண்பார்வை குறைவு, முதலில் வயலின் கற்றவர். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பாஸ்டனுக்குப் போய் ஸ்டோனிடம் பாடம் கேட்டார். ‘ஸ்டிக் கன்ட்ரோல்’ வரிகள் அலுத்துப்போய், அங்கங்கே அழுத்தம் சேர்த்து அடித்துக் காட்டினார். கிழவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதிலிருந்தே ‘அக்சென்ட்ஸ் அண்ட் ரீபவுண்ட்ஸ்’ என்ற அடுத்த புத்தகம் பிறந்தது. 1961-இல் வெளிவந்த அதை மோரெல்லோவுக்கே காணிக்கையாக்கினார். அதற்குள் மோரெல்லோ, டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவில் 1959-இல் பதிவான ‘டேக் ஃபைவ்’ மூலம் ஐந்தெண்ணிக்கைத் தாளத்தை வீடுதோறும் கேட்க வைத்திருந்தார். ஒரு புத்தகம் மாணவனைச் செய்தது, அந்த மாணவன் அடுத்த புத்தகத்தைச் செய்தான். நடுவில் இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜாஸ் வளர வளரப் புத்தகங்களும் வளர்ந்தன. 1948-இல் ஜிம் சேப்பின் எழுதிய புத்தகம், வலது கை ரைடு சிம்பலில் ஒரே நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, இடது கையும் காலும் தனித்தனியே பேசுவது எப்படி என்று படிப்படியாகக் காட்டியது. அதுவரை பலர், பெரிய வித்வான்களுக்கு வரம்போல வாய்த்தது என்று நினைத்திருந்த சங்கதி அது. 1958-இல் டெட் ரீடின் ‘சின்கோபேஷன்’. பார்க்கச் சாதாரணப் புத்தகம், ஒற்றைக் கோட்டில் எழுதிய தாளங்கள். பாஸ்டனின் பெர்க்லி பள்ளியில் பாடம் சொன்ன ஆலன் டாசன் அதைக் கையில் எடுத்ததும் கதை மாறியது. ஒரே பக்கத்தை எத்தனையோ விதமாக வாசிக்க வைத்தார். கை ஒரு பக்கம் ஓடும்போதே வாயால் பாட்டின் மெட்டைப் பாடச் சொன்னார். ஜாஸ் டிரம்ஸ்காரர் டோனி வில்லியம்ஸ் அவர் பட்டறையில் வார்த்தெடுக்கப்பட்டவர். புத்தகம் எல்லாக் கடையிலும் கிடைத்தது. டாசன் அதை என்ன பண்ணினார் என்பது அவர் மாணவர்கள் சொல்லிச் சொல்லித்தான் பரவியது.

காது கிடைக்காதவர்கள் என்ன பண்ணினார்கள்? கூட வாசிக்கும் ஆளையாவது தேடினார்கள். 1950-இல் இர்வ் கிராட்கா தொடங்கிய மியூசிக் மைனஸ் ஒன் என்ற கம்பெனி, ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றது. காலியாக இருக்கும் இடத்தில் நீ வாசித்துக்கொள். நம் ஊர் கரோக்கிக்குத் தாத்தா. இசைத்தட்டு உனக்காக நிற்காது, நீ தடுமாறினால் விட்டுவிட்டுப் போய்விடும். அரைக் காது என்று சொல்லலாம். தப்பு என்று வாய்விட்டுச் சொல்லாது, தனியே விட்டுவிட்டுப் போகும்.

பாடமே படிக்காமல் வந்தவர்களும் உண்டு. லிவர்பூலில் காசநோய் வந்து சானடோரியத்தில் கிடந்த ஒரு பையனுக்கு 1950-களின் நடுவில் அங்கிருந்த ஆஸ்பத்திரி பேண்டில் இடம் கிடைத்தது. நூல்கண்டுக் கட்டையால் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியைத் தட்டிப் பழகினான். வெளியே வந்ததும் தெருப் பையன்களோடு குழு. அவன்தான் பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார். இடக்கைக்காரர், வலக்கைக்காரர்களுக்கு அடுக்கிய செட்டில் உட்கார்ந்தே வாசித்தவர். அந்தக் கோணலே அவருடைய உருட்டல்களுக்குத் தனி மணம் கொடுத்தது. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததைச் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். கிக் டிரம் முகப்பில் லுட்விக் என்று எழுதியிருந்தது. அடுத்த சில வருஷங்கள் அந்தத் தொழிற்சாலைக்கு ஓய்வில்லை. ரூடிமென்ட் பட்டியலையே பார்த்திராத லட்சக்கணக்கான பையன்கள் செட்டு வாங்கினார்கள். அவர்களுக்குக் காது அவர்கள் பேண்டுதான். பாடுகிறவன் திரும்பி முறைத்தால் டெம்போ ஏறிவிட்டது என்று பொருள். எங்கள் மெல்லிசை மேடையிலும் அதே சட்டம்தான், கூடுதலாக இடைவேளையில் வசவும் கிடைக்கும்.

கேசட்டில் வந்த கை

1977 ஜனவரியில் நியூஜெர்சியிலிருந்து ‘மாடர்ன் டிரம்மர்’ இதழ் வெளிவந்தது. 1984-இல் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி என்ற சங்கம் நார்ட்டின் பழைய 26-ஐ விரித்து 40 ரூடிமென்ட்களாக்கியது. இன்று பரீட்சை எழுதும் பிள்ளைகள் படிப்பது இந்தப் பட்டியல். ஆனால் அந்தப் பத்தாண்டில் நடந்த பெரிய மாற்றம் வீடியோ. நியூயார்க்கில் ராப் வாலிஸும் பால் சீகலும் சேர்ந்து நடத்திய டி.சி.ஐ. நிறுவனம் 1983-இல் டிரம்ஸ்காரர் ஸ்டீவ் காட் வாசிப்பதையும் விளக்குவதையும் படம்பிடித்து வி.எச்.எஸ். கேசட்டாக வெளியிட்டது. மோல்லர் கிழவர்களைத் தேடி அலைந்து பார்த்த கையின் போக்கு, முதல் தடவையாக வீட்டுக்கே வந்தது. நிறுத்திப் பார்க்கலாம், பின்னால் ஓட்டிப் பார்க்கலாம்.

அமெரிக்கக் கேசட் என்.டி.எஸ்.சி. முறையில் பதிந்தது. நம் ஊர் டிவியும் டெக்கும் பால் (PAL) முறை, இரண்டும் ஒத்துப்போகாது. பாளையங்கோட்டையில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்த கேசட்டில் கலர் இல்லை, படம் மேலே மேலே உருண்டுகொண்டே போனது. ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குள் தலை மேலேறிக் கால் கீழே வந்துவிடும். ஆனாலும் ஒரு விஷயம் பிடிபட்டது: உரக்க அடிக்கும் அடிக்கும் கிசுகிசுப்பாக விழும் அடிக்கும் நடுவே ஸ்டிக்கின் உயரம் எவ்வளவு மாறுகிறது என்பது. எங்கள் எல்லோருடைய ஸ்டிக்கும் எப்போதும் ஒரே உயரத்தில்தான் இருந்தது. அடுத்த வாரக் கச்சேரியில் அதை முயன்றபோது, கீபோர்டு வாசித்தவர் திரும்பிப் பார்த்து, “என்னவே, இன்னைக்கு அழகா இருக்கு” என்றார். கேசட் கற்றுக்கொடுத்தது பாதி. கீபோர்டுக்காரர் சொன்னது மீதி.

சத்தப் பிரச்சினைக்கு இன்னொரு பக்கம் தீர்வு தேடிக்கொண்டிருந்தார்கள். டேவ் குரோல், வர்ஜீனியாவில் சிறுவனாக இருந்தபோது தன் அறையில் தலையணைகளை அடுக்கி அடித்தே கற்றவர். தலையணை ஸ்டிக்கை எம்பவிடாது, ஒவ்வொரு அடியையும் கையே தூக்கியாக வேண்டும். நிர்வாணா குழுவில் அவர் அடித்த முரட்டு அடிக்கு அந்தத் தலையணைகளுக்கும் பங்குண்டு. 1997-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம், ரெமோ நிறுவனத்தோடு சேர்ந்து, வலைத்துணி போர்த்திய மின்னணு டிரம்ஸைக் கொண்டுவந்தது. அடித்தால் உண்மையான டிரம்மின் துள்ளல் கிட்டத்தட்ட இருக்கும், சத்தம் ஹெட்ஃபோனுக்குள் மட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் டிரம்ஸ் வைக்க வழி பிறந்தது அதனால்தான். இப்போது அதை விலை மலிவாகப் பலர் செய்கிறார்கள். கிக் பெடல் தரையை அதிரவைத்துக் கீழ்வீட்டுக்காரரை எழுப்பும் சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை.

இணையம் கேட்பதும் கேட்காததும்

2005-இல் யூடியூப் வந்தது. கனடாவின் அபாட்ஸ்ஃபோர்டில் ஜாரெட் ஃபால்க் இலவச வீடியோ பாடங்களில் ஆரம்பித்து, பிறகு டிரமியோ என்ற தளமாக வளர்த்தார். மாதச் சந்தா கட்டினால் உலகப் பெரிய டிரம்ஸ்காரர்களின் பாடம் வரிசையாகக் கிடைக்கும். ஸ்டோனும் சேப்பினும் ஒரு ஆயுள் முழுக்கச் சேர்த்ததைவிட அதிகமான பாடத்தைத் எங்கள் ஊர் தெற்கு பஜாரில் டீ குடித்துக்கொண்டே போனில் பார்க்கலாம். 2020-இல் ஊர் உலகமெல்லாம் கதவடைத்துக் கிடந்தபோது, இங்கிலாந்தின் 10 வயதுச் சிறுமி நந்தி புஷெல் தன் வீட்டிலிருந்து டேவ் குரோலுக்குச் சவால் விட்டாள், அவர் தன் வீட்டிலிருந்து வாசித்துப் பதில் அனுப்பினார். லட்சக்கணக்கானோர் ரசித்தார்கள். கவனித்துப் பார்த்தால், இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கவில்லை. பதிவு செய்து, அனுப்பி, பதில் பதிவு செய்து... நூறு வருஷத்துக்கு முந்தைய தபால் முறைதான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

சேர்ந்து வாசிக்க முடியாததற்குக் காரணம் எளிய கணக்கு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையில் எட்டு மீட்டர் தள்ளி நிற்கிறவன் வாசிப்பது என் காதுக்கு வர நொடியில் நாற்பதில் ஒரு பங்கு ஆகும். அதுவரை சமாளிக்கலாம், அதற்கு மேல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். என் மாணவன் ஒருவன் டொரோண்டோவில், ஸ்கார்பரோவில் இருக்கிறான். யாழ்ப்பாணக் குடும்பம். நான் ஒன்று எண்ணினால் அது அவனிடம் போய், அவன் அடித்த அடி என்னிடம் திரும்பி வருவதற்குள் கால் நொடி சுலபமாகக் கடந்துவிடும். ஒலிக் கணக்கில் அது 85 மீட்டர். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அவன் அடிக்க, இந்தக் கோடியிலிருந்து நான் தாளம் போடுவதற்குச் சமம். ஆகவே வகுப்பில் இருவரும் சேர்ந்து ஒரு பார் கூட வாசித்ததில்லை. நான் வாசித்துக் காட்டுவேன், அவன் கேட்பான். அவன் வாசிப்பான், நான் கேட்பேன்.

கேட்பேன் என்பதிலும் ஒரு வில்லங்கம். வீடியோ அழைப்புச் செயலிகள் மனிதக் குரலுக்காகச் செய்தவை. நாய் குரைப்பு, மிக்ஸி, கதவு சாத்தும் சத்தம் எல்லாவற்றையும் இரைச்சல் என்று வடிகட்டிவிடும். டிரம்ஸ் அடியும் அதன் கணக்கில் இரைச்சல்தான். முதல் அடி வரும், அடுத்து வருகிற மெல்லிய அடிகள் காணாமல் போய்விடும். பையனின் கை அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் வடிகட்டியை அணைத்து, வெளி மைக் மாட்டிய பிறகு நிலைமை தேறியது. ஒரு சனிக்கிழமை அவன் அம்மா எட்டிப் பார்த்து, “மாஸ்டர், பிள்ளை சரியா அடிக்கிறானோ? இங்க எங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்குது” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே மாதிரி கேட்பதுதான் அவன் குறையும். பாடம் பார்த்துப் பழகிய பையன், ஸ்டிக் உயரம் மாறவே மாறாது.

இந்த வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி எனக்குக் கைகொடுத்தது. குரலை அது தடுக்காதே. அடிப்பதற்கு முன்னால் வாயால் சொல்லச் சொன்னேன். மிருதங்கக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதுதான். தகிட, தகதிமி என்று சொல்லி, கையால் தாளம் போட்டு, சொல் சுத்தமான பிறகுதான் தோலில் கை வைப்பார்கள். ரப்பரும் வேண்டாம், வலைத்துணியும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொந்தரவில்லை. வீட்டுச் சாதகத்துக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் டி. ரங்கநாதன் 1960-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடம் சொன்னார். அவரிடம் கற்ற டேவிட் நெல்சன் 2008-இல் சொற்கட்டுக்கென்றே ஒரு பாடப்புத்தகம் எழுதினார், வீடியோவும் சேர்த்து. ஆலன் டாசன் வாயால் பாடச் சொன்னதும் இதுவும் வேறு வேறு ஊரில் கண்ட ஒரே உண்மை. வாயில் நொண்டுவது கையிலும் நொண்டும். வாயில் நொண்டுவதை ஆயிரம் மைல் தள்ளியும் கேட்டுவிடலாம்.

இப்போது கருவிகளே மார்க் போடுகின்றன. மின்னணு டிரம்ஸைச் செயலியோடு இணைத்தால், சரியான நேரத்தில் விழுந்த அடி பச்சை, முந்தினாலோ பிந்தினாலோ சிவப்பு. நேரத்தை மனிதக் காதைவிட நுட்பமாக அளக்கிறது, மறுப்பதற்கில்லை. தளங்களிலும் மாணவன் தன் வாசிப்பைப் பதிந்து அனுப்பினால் ஆசிரியர் பார்த்துச் சொல்லும் வசதி வந்திருக்கிறது. நார்ட் விதியின் புது வடிவம் என்று அதை வரவேற்கிறேன். ஆனால் தொண்ணூற்றெட்டு சதவீதம் பச்சை வாங்கிய ஒரு பையனைக் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு உட்கார வைத்தபோது, சரணத்தில் பாடகர்கள் இயல்பாகச் சற்றே இழுத்த இடத்தில் அவன் இழுக்கவில்லை. மெட்ரோனோம்படி அவன் சரி. கொயர் முழுக்கத் தவித்தது. செயலியில் இதற்கு நிறம் கிடையாது.

ஆகவே என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். முடியும், தாராளமாகக் கற்கலாம், பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. எந்தத் தளமானாலும் முதல் பக்கம் வலது, இடது, வலது, இடதுதான். பலகையும் ரப்பரும் போதும், செட்டு பிறகு வாங்கலாம். ஆனால் பணம் கட்டும் முன்னால், உங்கள் பிள்ளை அடிப்பதை யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். கோர்ஸில் ஆள் இல்லையென்றால் பள்ளி பேண்டோ, சர்ச் கொயரோ, தெருமுனை ஆர்க்கெஸ்ட்ராவோ, கிட்டார் கற்கும் அத்தை மகனோ, யாராவது ஒருவர் பக்கத்தில் வாரம் ஒரு நாளாவது உட்கார வையுங்கள். எத்தனை வீடியோ இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிகாகோவில் கூடிய ஆசான்கள் பாடத்தைத் தாளில் அனுப்பிவிட்டு, கேட்கும் பொறுப்பை ஊருக்கு ஊர் ஓர் ஆளிடம் கொடுத்தார்கள். ஆன்லைனில் நான் வாங்கும் சம்பளமும் அந்தப் பொறுப்புக்குத்தான். பாடம் இலவசமாகவே கிடைக்கிறதே.